சிறுமலையில் கிடைத்த குதிக்கும் சிலந்தி: புதிய இனம்தானா, எப்படித் தெரிந்துகொள்வது?

சிறுமலைக்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சிறுமலையில் பழையூர்ப் பக்கம் இருக்கிறேன். எங்களுக்குக் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு. போன வாரம் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தபோது அப்பத்தாதான் கூப்பிட்டுக் காட்டியது. இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக ஒரு சின்ன நூல் கூடு, அதன் வாசலில் இந்தச் சிலந்தி. நீளம் அரிசி மணி அளவுதான், ஆறு மில்லிமீட்டர் இருக்கலாம். கறுப்பு உடம்பு, முதுகில் குறுக்கே பச்சையும் நீலமுமாக மின்னுகிற இரண்டு பட்டை, முகத்தில் வெள்ளை முடி, முன்கால்கள் மட்டும் செம்மண் நிறம். அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு பார்த்தேன். ஒன்று இறந்துவிட்டது, அதை மெடிக்கலில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டிருக்கிறேன். ஒன்று ஊறுகாய் பாட்டிலில் உயிரோடு இருக்கிறது. மூன்றாவது தப்பிவிட்டது.

போனில் உள்ள செயலியில் படத்தைப் போட்டால் ஒரு படத்துக்கு ஃபின்டெல்லா என்கிறது, இன்னொரு படத்துக்கு வேறு ஏதோ பேரினத்தைச் சொல்கிறது. வாட்ஸப் குழுவில் இரண்டு பேர், "இது இதுவரை யாரும் பார்க்காதது, உடனே பத்திரிகைக்குச் சொல்லுங்கள்" என்றார்கள்.

புதிய இனம்தானா என்று யார் முடிவு செய்வார்கள்? அதை எப்படி எழுதிப் பதிவு செய்வது? அப்படிப் புதிதாக இருந்தால் அப்பத்தா பெயரை வைக்க முடியுமா? அதன் பெயர் வெள்ளையம்மாள். நான் பி.எஸ்சி. தாவரவியல் படித்தவன், சிலந்தி பற்றி ஒன்றும் தெரியாது. படங்கள் ஐந்து கீழே இணைத்திருக்கிறேன்.

---

ஆய்வக மேசை எழுதியது:

தம்பி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகான உயிர். அப்பத்தாவின் கண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆறு மில்லிமீட்டர் சிலந்தியை இலைக்கு அடியில் பார்ப்பது லேசான காரியம் இல்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கட்டுரைகளில் என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில்தான் வரும். ஆனால் சிலந்தியைக் கழுவுவது, அளப்பது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து வரைவது, புட்டிகளைக் காப்பது எல்லாம் என் கை வேலையாக இருந்தது.

உங்கள் கேள்விகளுக்குப் போகும் முன் நான் ஒன்று கேட்கிறேன். அந்த ஸ்பிரிட் பாட்டிலுக்குள் சீட்டு போட்டிருக்கிறீர்களா? வெளியே ஒட்டிய ஸ்டிக்கரைச் சொல்லவில்லை. பாட்டிலுக்குள்ளேயே, சிலந்தியோடு நனைந்தபடி இருக்கும் காகிதச் சீட்டு. போடவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இப்போதே எழுதிப் போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம்.

ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்று சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் மலைக்குப் போய்வந்த மாணவர்கள் ஒரு ஆண் சிலந்தியைக் கொண்டுவந்தார்கள். நான் பார்த்த பேராசிரியர்களுக்கெல்லாம் அது என்னவென்று தெரியவில்லை. அதன் பால்ப், அதாவது முகத்துக்கு முன்னால் உள்ள சின்னக் கையின் அமைப்பு, எந்த வரைபடத்தோடும் ஒத்துப்போகவில்லை. ஆனால் பரீட்சை நேரம். புட்டியை அலமாரியில் வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால் ஆல்கஹால் முழுக்க லேசான நீல நிறம். உள்ளே வெள்ளைக் காகிதம். பால்பாயிண்ட் மை மொத்தமும் கரைந்துவிட்டது. அந்த மாணவர்கள் அந்தப் பயணத்தில் நான்கு சோலைகளுக்குப் போயிருந்தார்கள். எந்தச் சோலை, எந்த நாள், மரத்திலா தரையிலா, யாருக்கும் நினைவில்லை. புட்டிகளை வாங்கி அடுக்கியவள் நான், சீட்டைப் பார்க்காமல் விட்டவளும் நான்தான். அதற்குப் பிறகு நான்கு வருஷம், விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அந்த நான்கு சோலைகளுக்கும் போனேன். கிடைக்கவே இல்லை. அந்த ஆண் சிலந்தி இன்னும் பெயரில்லாமல் இருக்கிறது. ஊர் இல்லாத உயிருக்கு யாரும் பெயர் வைக்க மாட்டார்கள், வைக்கவும் கூடாது.

சீட்டு இருந்தாலும் அதில் உள்ள ஊர் சரியாக இருக்க வேண்டும். ஆந்திராவில் கூட்டி என்ற ரயில் சந்திப்பு இருக்கிறது. நீல டரான்டுலா என்று இன்று உலகமெல்லாம் தெரிகிற பொசிலோதீரியா மெட்டாலிகா அங்கே ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது. கிடைத்த ஒரே ஒன்றை வைத்து போகாக் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1899 இல் விவரித்தார். அதன் பிறகு சுமார் நூறு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001 இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் நடுவில் உள்ள காட்டில்தான் மறுபடி தெரிந்தது. கூட்டியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். வெட்டிய மரத்தோடு ரயிலேறி வந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். சீட்டில் பொய் இல்லை. ஆனால் அது சிலந்தி இறங்கிய ஊர், பிறந்த ஊர் இல்லை. அதனால் நீங்கள் "சிறுமலை" என்று மட்டும் எழுதாமல் எந்தத் தோட்டம், எத்தனை மீட்டர் உயரம், எந்தச் செடி, இலையின் எந்தப் பக்கம், தேதி, போனில் உள்ள அட்சரேகை தீர்க்கரேகை எண்கள், யார் பார்த்தது, யார் பிடித்தது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள்.

சரி, இப்போது சிலந்திக்கு வருகிறேன்.

உங்கள் இரண்டாவது படத்தில், முகத்துக்கு முன்னால் தொங்கும் இரண்டு சின்னக் கைகளைப் பாருங்கள். அதுதான் பால்ப். இறந்துபோன சிலந்திக்கு அந்தக் கையின் நுனி உருண்டு, கறுத்து, மேடு பள்ளமாக இருக்கிறது. அது முழு வளர்ச்சி அடைந்த ஆண். உயிரோடு இருக்கிறதே, நான்காவது படம், அதற்கும் நுனி உப்பியிருக்கிறது. ஆனால் வழவழப்பாக, ஊதிய பலூன் மாதிரி இருக்கிறது. அதுவும் ஆண்தான். இன்னும் ஒரு முறை தோல் உரிக்க வேண்டும். கொன்றுவிடாதீர்கள். வாழைப்பழத்தோலை ஒரு டப்பாவில் திறந்துவைத்தால் வரும் பொடி ஈக்களை இரண்டு நாளுக்கு ஒரு முறை நான்கைந்து போடுங்கள், பாட்டிலின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். தோல் உரித்துக் கால் கெட்டியானதும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

நிறத்தைப் பார்த்தே சொல்ல முடியாதா என்று எல்லாரும் கேட்பார்கள். உங்கள் சிலந்தியின் பச்சையும் நீலமும் சாயம் இல்லை, ஒளியைச் சிதறடிக்கிற மெல்லிய செதில் முடி. நகத்தால் உரசினாலே உதிர்ந்துவிடும். வயதான ஆணுக்குப் பாதி உதிர்ந்திருக்கும். ஆல்கஹாலில் போட்டால் அந்தப் பளபளப்பு மங்கும், மற்ற நிறங்களும் வெளுக்கும். அம்மா வேறு மாதிரி, பிள்ளை வேறு மாதிரி, ஆண் பெண் இரண்டும் இரண்டு மாதிரி என்று இருக்கிற இனங்களும் குதிக்கும் சிலந்திகளில் நிறைய. அதனால் இனத்தைப் பிரிக்க முதலில் பார்ப்பது இனப்பெருக்க உறுப்பை. ஆணுக்கு பால்ப்: அதில் உள்ள குமிழ், அதிலிருந்து கிளம்பும் எம்போலஸ் என்ற ஊசி, அது எந்தப் பக்கத்தில் தொடங்கி எத்தனை சுற்று சுற்றுகிறது, பால்ப்பின் டிபியா என்ற கணுவில் உள்ள முள் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா, நுனி பிளந்திருக்கிறதா. பெண்ணுக்கு வயிற்றின் அடியில் எபிகைன் என்ற சின்னத் தகடு, அதன் உள்ளே உள்ள குழாய்கள். இவை ஓர் இனத்துக்குள் பெரும்பாலும் மாறாமல், பக்கத்து இனத்திலிருந்து தெளிவாக வேறுபட்டு இருக்கும். இளம் சிலந்திக்கு இவை இரண்டும் இருக்காது. அதனால்தான் குட்டியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் புதிய இனம் எழுத மாட்டார்கள்.

ஒரே வேண்டுகோள்: இடது பால்ப்பை உடைத்துவிடாதீர்கள். உலகம் முழுக்க இடது பால்ப்பைத்தான் வரைவது வழக்கம். அப்போதுதான் ஒரு வரைபடத்தை இன்னொன்றோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

யார் முடிவு செய்வார்கள் என்று கேட்டீர்கள். தீர்ப்பு சொல்கிற குழு எதுவும் இல்லை. இதுவரை விவரிக்கப்பட்ட எதுவும் இல்லை இது என்று நீங்கள் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அதுதான் கஷ்டமும். சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரத்து அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. 2022 இல் அதில் 50,000 ஆவது இனம் ஏறியது. அதுவும் தெற்கு பிரேசிலின் ஒரு குதிக்கும் சிலந்திதான். பதிவு செய்துகொண்டால் பழைய கட்டுரைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கிராமத்தில் இருந்துகொண்டே 1757 இல் கிளெர்க் ஸ்வீடனில் எழுதியது வரைக்கும் போய்ப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். எங்கள் காலத்தில் ஒரு நகலுக்கு கல்கத்தாவுக்குக் கடிதம் போட்டுவிட்டுக் காத்திருப்போம். விலங்குப் பெயர்களுக்கெல்லாம் 1758 லின்னேயஸ்தான் தொடக்கம். சிலந்திக்கு மட்டும் கிளெர்க்கின் அந்தப் புத்தகத்துக்கு விலக்கு கொடுத்து ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் முதலில் ஒப்பிட வேண்டியது ஃபின்டெல்லா விட்டாட்டா. நம் பக்கம் தோட்டங்களில் சாதாரணமாக இருப்பது, இதே மாதிரி மின்னும் பட்டைகள் உண்டு. அதன் பெயருக்குப் பின்னால் கோக், 1846 என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும். அந்த அடைப்புக்குறிக்கு அர்த்தம் உண்டு: கோக் முதலில் அதை வேறு பேரினத்தில், பிளெக்ஸிப்பஸில் வைத்தார், பிறகு வந்தவர்கள் மாற்றினார்கள். ஆகவே தேடும்போது இன்றைய பேரினத்தில் மட்டும் தேடினால் போதாது. பழைய பெயர்களில் ஒளிந்திருக்கும்.

நேர்மையாகச் சொல்கிறேன், உங்களுடையது விட்டாட்டாவாகவே இருக்கலாம். முன்கால் நிறம் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. பால்ப்பைப் பார்க்காமல் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

---

கோவை ஆய்வு மாணவன் எழுதியது:

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சர்ஜிக்கல் ஸ்பிரிட் அவசரத்துக்குச் சரி, நாள்பட வைக்க 70 முதல் 75 சதவீத எத்தில் ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். டிஎன்ஏ எடுக்கும் எண்ணம் இருந்தால் வலது பக்கத்து மூன்றாவது காலை மட்டும் கழற்றி 95 சதவீதத்துக்கு மேலான ஆல்கஹாலில் தனிப் புட்டியில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். சிஓஐ என்ற மரபணுத் துண்டில் 658 எழுத்துகளைப் படித்து மற்றவற்றோடு ஒப்பிடுவோம். பெண் எது ஆண் எது என்று ஜோடி சேர்க்க இது ரொம்ப உதவும். நிறைய இனங்களில் ஆணை ஒருவர், பெண்ணை ஒருவர் தனித்தனியாக விவரித்து இரண்டு பெயர் வைத்திருப்பார்கள். பிறகு இரண்டும் ஒன்றுதான் என்று தெரியவரும், பழைய பெயர் நிற்கும், புதியது போய்விடும்.

இன்னொன்று, காட்டுத் துறை நிலத்தில் அனுமதி இல்லாமல் எதையும் பிடிக்காதீர்கள். உங்கள் சொந்தத் தோட்டம் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை. சிலந்தியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதற்கு முன் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்துவிடுங்கள். யாராவது "தபாலில் போட்டுவிடுங்கள் தம்பி" என்று சொன்னால் போடாதீர்கள்.

---

வன்னித் தம்பி எழுதியது:

நான் வவுனியாவில் இருக்கிறேன். சிலந்தி படித்தவன் இல்லை, ஆனால் இந்த இழையைப் பார்த்ததும் எங்கள் மாங்குளத்துக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சண்டை முடிந்த அதே 2009 ஆம் ஆண்டு, ஒக்டோபர் மாதம், மாங்குளத்தில் ஊர்க்காரர் ஒருவர் செத்துப்போன பெரிய சிலந்தி ஒன்றைக் கொண்டுவந்து ஆய்வாளர்களிடம் கொடுத்தார். ஆண் சிலந்தி. கால்களை விரித்தால் 20 சென்ரிமீற்றர் அளவு வரும். அதைப் பார்த்த ரணில் நாணயக்காரவின் குழு காட்டுக்குள் தேடத் தொடங்கியது. மரப் பொந்துகளில் பெண்ணும் குட்டிகளும் கிடைத்தன. மாங்குளம் வைத்தியசாலையின் பழைய வைத்தியர் விடுதியிலும் இருந்தது. பெரிய மரங்கள் குறைந்துபோனால் அவை கட்டடங்களுக்குத்தான் வரும். கால்களின் அடிப்பக்கத்து மஞ்சள் அடையாளங்களும் வயிற்றில் இருந்த இளஞ்சிவப்புப் பட்டியும்தான் மற்ற இனங்களில் இருந்து பிரித்துக் காட்டியதாம். 2012 டிசம்பரில் பொசிலோதீரியா ராஜேயி என்று பெயர் வைத்து வெளியிட்டார்கள். அந்தப் பகுதியில் குழுவோடு கூடத் திரிந்து பாதுகாப்பாகக் கூட்டிப்போன பொலிஸ் அதிகாரி மைக்கேல் ராஜகுமார் புராஜாவின் நினைவாக.

எங்கள் அம்மம்மா காலத்தில் இப்படி ஒன்றைக் கண்டால் விளக்குமாற்றால் அடிப்பதுதான் வழக்கம். அந்த ஊர்க்காரர் அடித்துத் தூக்கி வீசியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆகவே உங்கள் அப்பத்தாவின் பெயர் வைக்கலாமா என்று கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. கட்டாயம் கேளுங்கள்.

இராமேசுவரத்தில் ஒரு கோயில் தோப்பின் பெயரால் 2004 இல் விவரிக்கப்பட்ட அனுமவிலாசுமிக்கா என்ற மரச்சிலந்தி, 2015 இல் எங்கள் மன்னாரிலும் இருப்பதாக எழுதினார்கள். நடுவில் கடல். அந்தச் சின்ன உயிர் இரண்டு கரையிலும் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஏதோ செய்கிறது.

---

சிறுமலைக்காரன் எழுதியது:

மேடம், சீட்டு போட்டுவிட்டேன், பென்சிலால். எல்லாருக்கும் நன்றி. திண்டுக்கல்லில் நகை வேலை செய்யும் சித்தப்பாவிடம் இருந்து லென்ஸ் வாங்கிவந்து பார்த்தேன். பால்ப்பின் முனையில் கறுப்பாக வளைந்த ஊசி ஒன்று தெரிகிறது, குட்டையாக இருக்கிறது. அதன் கீழே கையின் பக்கவாட்டில் ஒரு முள். போனை லென்ஸில் ஒட்டவைத்து எடுத்த படம் இது, மன்னிக்கவும், மங்கலாகத்தான் வந்தது. பட்டியலில் பதிவு செய்து விட்டாட்டாவின் வரைபடங்கள் மூன்று பார்த்தேன். ஒன்றில் ஊசி என்னுடையது மாதிரி, ஒன்றில் இல்லாத மாதிரி. குழம்பிவிட்டேன். உயிரோடு இருப்பது நேற்று ஈ சாப்பிட்டது, இன்று நூல் பை கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

புதியது என்றே வைத்துக்கொள்வோம். அதை எழுதுவது என்றால் என்ன எழுதுவார்கள்?

---

ஆய்வக மேசை எழுதியது:

பை கட்டிவிட்டதா! அப்படியானால் உள்ளே தோல் உரிக்கப் போகிறது. பாட்டிலை அசைக்காதீர்கள், ஈயும் போடாதீர்கள், ஓரத்து ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரித்த தோலையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

வரைபடம் குழப்புவது உங்கள் தவறு இல்லை. பால்ப் உருண்டையானது. பத்து டிகிரி திருப்பினால் அதே ஊசி குட்டையாகத் தெரியும், இன்னும் பத்து திருப்பினால் நீளமாகத் தெரியும். வரைந்தவர் அதை எப்படிப் பிடித்திருந்தார் என்பதில் இருக்கிறது எல்லாம். நாங்கள் முன்பு கண்ணாடித் தட்டில் நுண்மணல் போட்டு அதில் சாய்த்து நிறுத்துவோம். பிற்பாடு ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: கை கழுவும் சானிடைசர் ஜெல்லில் பால்ப்பை அமிழ்த்தினால் எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும். வேலை முடிந்ததும் ஆல்கஹாலில் அலசிவிட வேண்டும். கீழிருந்து ஒரு படம், வெளிப்பக்கத்திலிருந்து ஒரு படம். இந்த இரண்டு கோணத்தில் வரைந்ததை மட்டும் பழைய வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். பழைய வரைபடம் தெளிவாக இல்லாவிட்டால் அந்த மூலச் சிலந்தியையே போய்ப் பார்க்க வேண்டும். நம் நாட்டுச் சிலந்திகள் பல கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் இருக்கின்றன. இன்னும் பழையவை, போகாக் காலத்தவை, லண்டனில்.

இப்போது எழுதுவது பற்றி. இரண்டு பகுதியை எல்லாரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று விவரிப்பு, இன்னொன்று வேறுபாட்டுக் குறிப்பு.

விவரிப்பு நீளமானது. உடல் நீளம், முதுகு ஓட்டின் நீள அகலம், எட்டுக் கண்களின் விட்டமும் ஒன்றுக்கொன்று இடைவெளியும், தாடையில் பற்கள் எத்தனை, ஒவ்வொரு காலிலும் தொடை, முட்டி, டிபியா என்று கணு கணுவாக நீளம், எல்லாம் மில்லிமீட்டரில் இரண்டு தசமம் வரை. எந்தக் கால் நீளம் என்பதைக் கூட எண்ணாக எழுதுவார்கள். 4312 என்றால் நான்காம் கால் மிக நீளம், அடுத்து மூன்று, இரண்டாம் கால் மிகக் குட்டை. உயிரோடு இருந்தபோது நிறம், ஆல்கஹாலில் நிறம், இரண்டும் தனித்தனியாக. ஒரு சிலந்தியை முழுசாக அளக்க எனக்கு ஒரு முழுப் பகல் ஆகும். கண் வலிக்கும், ஆனால் அந்த வேலையில் கிடைக்கிற அமைதி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

வேறுபாட்டுக் குறிப்பு மூன்று நான்கு வரிதான். உயிர் அதில்தான் இருக்கிறது. "இது இன்ன இனத்தைப் போலவே இருக்கும், ஆனால் இதன் ஊசி இப்படி வளைகிறது, அதனுடையது அப்படி, இதன் முள் நுனி பிளந்தது, அதனுடையது கூர்மையானது." மிக நெருங்கிய உறவைத் தேர்ந்தெடுத்து அதோடு ஒப்பிட வேண்டும். தூரத்து உறவோடு ஒப்பிட்டால் எதுவும் புதியதாகத்தான் தெரியும். கையில் ஒரு கட்டுரை வந்தால் நான் முதலில் படிப்பது இந்த நான்கு வரியை. அது பலவீனமாக இருந்தால் மீதி இருபது பக்கமும் வீண்.

பெண் கிடைக்காவிட்டால் ஆணை மட்டும் வைத்தும் எழுதலாம், எழுதுகிறார்கள். ஆனால் நான் உங்களிடம் சொல்வேன், பெண்ணைத் தேடுங்கள். அதே செடி, அதே உயரம், இலையின் அடிப்பக்கம். மாங்குளத்தில் நடந்ததைத் தம்பி சொன்னாரே, செத்த ஆண் ஒன்று கையில் வந்ததும் எழுதிவிடவில்லை. பெண்ணையும் குட்டிகளையும் தேடிக் கண்டுபிடித்த பிறகு, மூன்று வருஷம் கழித்துத்தான் பெயர் வந்தது. பெண்ணின் எபிகைனைக் கத்தரித்து, கிராம்பு எண்ணெயில் ஊறவைத்தால் தசை கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே குழாய்கள் தெரியும். இல்லாவிட்டால் பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, ஆனால் அதில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், விட்டுவிட்டுப் போனால் உறுப்பு சிதைந்துபோகும். இதை நீங்கள் செய்யாதீர்கள். பழகிய கைக்கு விடுங்கள்.

ஒரு சிலந்தியை ஹோலோடைப் என்று அறிவிக்க வேண்டும். அந்தப் பெயர் இனி அந்த ஒரு உடலோடு கட்டப்பட்டது. பிறகு நூறு பேர் நூறு கருத்து சொன்னாலும் பெயர் எதைக் குறிக்கிறது என்று பார்க்க அந்த உடலிடம்தான் வர வேண்டும். அது எந்தக் காப்பகத்தில் இருக்கிறது என்று கட்டுரையில் எழுதியாக வேண்டும். அப்படி எழுதாத பெயர், விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதிப்படி செல்லாது. நம் நாட்டில் 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி புதிய இனத்தின் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் கொடுப்பது கட்டாயமும்கூட. வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது.

பத்திரிகைக்கு இப்போது போகாதீர்கள், முகநூலிலும் பெயரைப் போடாதீர்கள். விதிப்படி வெளியான ஆய்வுக் கட்டுரையில் வந்தால்தான் பெயர். இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டின் எண்ணும் வேண்டும். அதற்கு முன் வெளியே வரும் பெயர் யாருக்கும் பயனில்லாமல் குழப்பத்தை மட்டும் உண்டாக்கும்.

அப்பத்தா பெயருக்கு வருகிறேன். தாராளமாக வைக்கலாம். ஆணின் பெயர் என்றால் கடைசியில் இ சேரும். 2021 இல் மும்பைப் பக்கம் தாணேயில் கிடைத்த ஒரு குதிக்கும் சிலந்திக்கு இசியஸ் துக்காராமி என்று வைத்தார்கள். 2008 நவம்பர் 26 தாக்குதலில் உயிர்விட்ட காவலர் துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக. பெண்ணின் பெயர் என்றால் ஏ சேரும். வெள்ளையம்மாளே. எனக்குச் சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெயர் வைக்கும் உரிமை கட்டுரை எழுதுபவருக்கு. ஆகவே சிலந்தியை ஒருவரிடம் ஒப்படைக்கும்போதே, பேச வெட்கப்படாமல், இதைக் கண்டவர் இவர், புதியதாக இருந்தால் இந்தப் பெயரை யோசியுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். நீங்களும் எழுத்து வேலையில் பங்கு எடுத்தால் ஆசிரியர்களில் ஒருவராகவும் சேரலாம், கேளுங்கள். தாவரவியல் படித்தவர், செடியையும் இடத்தையும் உங்களைவிட யார் நன்றாக எழுதுவார்?

விட்டாட்டாவாகவே முடிந்தாலும் புட்டியைக் கொட்டிவிடாதீர்கள். சிறுமலையில், இந்த உயரத்தில், காபி இலையில், இந்த மாதத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஆண் இருந்தது என்று சரியான சீட்டோடு ஒரு சிலந்தி காப்பகத்தில் இருந்தால், அடுத்து யாராவது இந்தப் பேரினத்தை முழுசாக ஆராயும்போது அதை எடுத்துத்தான் பார்ப்பார்கள். அப்படி எடுத்துப் பார்க்கிற கை எத்தனையோ முறை என்னுடையதாக இருந்திருக்கிறது. எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ பென்சிலால் எழுதிய சீட்டு இன்னும் அழியாமல் இருப்பதைப் பார்த்து அவர்களுக்கு மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன்.

உங்கள் சீட்டில் என்ன எழுதினீர்கள் என்று இங்கே போடுங்கள், விட்டுப்போனது இருந்தால் சொல்கிறேன்.

---

சிறுமலைக்காரன் எழுதியது:

இரண்டு நாள் பதில் போட முடியவில்லை, மன்னியுங்கள். நேற்று இரவு தோல் உரித்துவிட்டது மேடம். காலையில் பார்த்தால் பைக்கு வெளியே நிற்கிறது, பக்கத்தில் கண்ணாடி மாதிரி பழைய தோல். பால்ப்பின் நுனி இப்போது கறுத்து மேடு பள்ளமாக இருக்கிறது, இறந்ததற்கு இருக்கிற மாதிரியே. முன்கால் இதற்கும் செம்மண் நிறம்தான். கோவைத் தம்பி அவருடைய ஆய்வகத்துக்கு நேரில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கிழமை போகிறேன். அப்பத்தா தினமும் காபிச் செடி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறது, பெண்ணைப் பிடித்துக் கொடுக்காமல் விடமாட்டேன் என்கிறது.

சீட்டில் எழுதியது இது:

தமிழ்நாடு, திண்டுக்கல் மாவட்டம், சிறுமலை, பழையூர், சொந்தக் காபித் தோட்டம், பலாமர நிழல். காபி இலையின் அடிப்பக்கம், தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர், நூல் கூட்டின் வாசலில். ஆண் 1. காலை 9 மணி. பார்த்தவர் வெள்ளையம்மாள், பிடித்தவர் பேரன்.

தேதியும் போன் காட்டிய எண்களும் கடல்மட்ட உயரமும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

---

ஆய்வக மேசை எழுதியது:

பின்பக்கம் வேண்டாம் தம்பி. புட்டிக்குள் சீட்டு சுருண்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பின்பக்கத்தைப் படிக்க வெளியே எடுக்க வேண்டியிருக்கும், எடுக்கும்போது கால் உடையும். சின்ன எழுத்தாக எல்லாவற்றையும் முன்பக்கமே எழுதி மாற்றிப் போடுங்கள். "பேரன்" என்பதை எடுத்துவிட்டு உங்கள் பெயரை எழுதுங்கள். இரண்டாவது ஆணுக்குத் தனிச் சீட்டு, அதில் பிடித்த தேதியும் தோல் உரித்த தேதியும் இரண்டும் வேண்டும், வீட்டில் வளர்த்தது என்றும் குறிக்க வேண்டும். உரித்த தோல் அதே புட்டியில் இருக்கட்டும்.

மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகும்போது புட்டியைப் பையில் போடாமல் சட்டைப்பையில் நிமிர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வளைவு இறங்க வேண்டும்.